கை கியர் காலத்திலிருந்து

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டு வண்டியில் அது கிடையாது. மகளுக்கு 18 முடிந்து எல்எல்ஆர் கைக்கு வந்ததும், சிவப்பு ‘எல்’ அட்டையை முன்னும் பின்னும் ஒட்டி, எங்கள் பழைய மாருதி எண்ணூறில் அவளை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தேன். பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற மண்பாதை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

“கிளட்ச்ச விடட்டுங்களாப்பா?”

“விடு கண்ணு. மெதுவா.”

வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்ததும் காகச் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி பெரியப்பாவிடமிருந்து வந்தது.

பெரியப்பா லாரி ஓட்டியவர். பிறகு வாடகை அம்பாசடர். எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அம்பாசடரில்தான். முன்சீட் ஒரே பலகையாக இருக்கும். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே. கை கியர் என்போம். பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் மேட்டுப் பாதையில் கொண்டுபோய் விடுவார். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தோப்பு. அங்கே வேகம் தானாக அடங்கிவிடும். இன்ஜின் அணைந்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே பார்ப்பார். நான் மறுபடி சாவியைத் திருகும்வரை வாய் திறக்க மாட்டார். திட்டினால் பிள்ளை ரோட்டைப் பார்க்காது, திட்டுகிறவன் மூஞ்சியைத்தான் பார்க்கும் என்பார்.

அவருக்கு ரோடு என்றாலே பொள்ளாச்சி - பழனி ரோடுதான். 1920இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கிய ரோடு அது. ஆரம்பத்தில் அவரே ஓட்டினார். முதலாளியே ஸ்டியரிங்கைப் பிடித்த ஊர் இது என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். பஸ் பார்க்காத ஜனங்களும் மாட்டு வண்டிகளும் நிறைந்திருந்த காலத்தில் நாயுடு எப்படி ஓட்டினாரோ என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மாருதி எண்ணூறு வந்தது 1983 கடைசியில். 796 சி.சி., மூன்று சிலிண்டர். அம்பாசடரில் தோளே இறங்கிப்போகும்படி ஸ்டியரிங் திருப்பிய எங்களுக்கு அது பூவைப் போல் இருந்தது. பெரியப்பா மட்டும் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தகரம் மெலிசுடா” என்றார். எனக்குக் கற்றுத்தந்த வண்டியும் என் மகளுக்குக் கற்றுத்தந்த வண்டியும் ஒரே வருடத்தில் நின்றுபோயின. எண்ணூறு 2014 ஜனவரியில், அம்பாசடர் அதே வருடம் மே மாதத்தில்.

மகளுக்குக் கிளட்ச் சீக்கிரம் பிடிபட்டது. கண்தான் நேரமெடுத்தது. இடப்பக்கம் நுழைகிற பைக்கை, கண்ணாடியில் விழாத மூலையை, நிற்கும் டவுன் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து இறங்கி ஓடிவரக்கூடிய குழந்தையை, எல்லாவற்றையும் நடப்பதற்கு முன்பே பார்க்கப் பழக வேண்டும். பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். “ஆடு... சைக்கிள்... பஸ் இண்டிகேட்டர் போட்டிருக்குது...” என்று சொல்லிக்கொண்டே வருவாள். இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தர நான் கேட்டதில்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. லைசென்ஸ் வந்த பிறகுதான் அங்கே கூட்டிப்போனேன். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, ஏறுகிற வண்டிக்கு வழி விடு. பெரியப்பா சொன்ன இரண்டும் இன்றைக்கும் செல்லும். இரண்டாவது சட்டமும்கூட.

பள்ளிக்கூடப் பையன்கள் கையில் சாவியைக் கொடுக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்எல்ஆர் கிடையாது. அப்படிச் சாவி கொடுப்பது பாசம் இல்லை என்பதைத் தவிர எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வந்ததும் கார்ப் பேச்சு கிளம்பியது. கோயமுத்தூரில் வேலை கிடைத்திருந்தது, தினமும் போய்வர வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “எதாச்சும் பழசா ஒண்ண வாங்கிக் குடுங்க. இடிச்சாலும் நட்டமில்ல.” நட்டம் தகரத்துக்கு இல்லை என்பது சரிதான். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு? பெரியப்பா பானெட்டைத் தட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழகுவதற்கு எண்ணூறு போதும். வாய்க்கால் பாதையில் யாரும் எதிரே எண்பதில் வருவதில்லை. தனியாகக் கோவை ரோட்டில் போக அது போதாது. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை.

அதனால் செகண்ட் ஹேண்டிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். 2019 ஏப்ரலிலிருந்து கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதே வருடம் ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும், பெல்ட் போடாவிட்டால் கத்துகிற மணியும், வேக எச்சரிக்கையும் கட்டாயம். அதற்குப் பின் செய்த வண்டியாகத்தான் தேடினோம். புரோக்கர் “டாக்டர் ஓட்டின வண்டிங்க, சிங்கிள் ஓனர்” என்றபோது மகள் குனிந்து டயர் ஓரத்து நாலு இலக்கத்தைப் படித்து, எந்த வாரம், எந்த வருடம் செய்த டயர் என்று சொன்னாள். பெடல் ரப்பர் தேய்ந்திருந்ததையும் மீட்டர் குறைவாகக் காட்டியதையும் சேர்த்துப் பார்த்து ஒரு வண்டியை அவளே வேண்டாம் என்றாள். வேறொன்று அமைந்தது. படிவம் 29, 30, ஆர்.சி. பெயர்மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் அவள் பெயரில், அவளே அலைந்து முடித்தாள்.

முதல் பயணம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு. என் ஆத்தா முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். பெல்ட்டை மாட்டிவிட்டு, எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை எடுத்தாள் மகள். நான் பின்சீட்டில்.

பிள்ளைக்குப் பழைய கார் பார்க்கிறவர்களே, விலை பேசுவதற்கு முன் ஆர்.சி.யை வாங்கி, வண்டி செய்த மாதமும் வருடமும் பாருங்கள். 2019 ஜூலைக்கு முந்தியது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.