செவ்வாய்க்கிழமைத் தேர்வு

2015 ஜனவரியில் ஒரு மாலை, மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைச் சோபாவில் வீசிவிட்டு, "அப்பா, ஏசிடி போச்சு. அடுத்த வருஷத்துல இருந்து எஸ்ஏடியாம்" என்றாள். வெளியே முழங்கால் அளவு பனி. நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில். அவள் அப்போது பத்தாம் வகுப்பு.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். "என்னது? எழுநூறு டாலர் கட்டியிருக்கோம்ங்க!"

கட்டியிருந்தோம். ஏசிடி பயிற்சி வகுப்புக்கு. மேசை மேல் செங்கல் கனத்தில் ஏசிடி புத்தகம் வேறு. எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு பொங்கல் விழா பற்றி ஒருவரும் பேசவில்லை. எந்தத் தேர்வு கடினம், அறிவியல் பகுதி இருக்கிறதா இல்லையா, பழைய புத்தகத்தை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்பதே பேச்சு.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் அவர்கள் குழம்பிப் போவார்கள். அதனால் கொஞ்சம் முன்கதை.

அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்கென்று அரசு நடத்தும் தேர்வு கிடையாது. இரண்டு தனி அமைப்புகள் நடத்தும் இரண்டு தேர்வுகள்தான் முக்கியமானவை. எஸ்ஏடி 1926-இல் தொடங்கியது. காலேஜ் போர்டு என்ற அமைப்பினுடையது. ஏசிடி 1959-இல் ஐயோவாவில் பிறந்தது. முன்னதற்கு மொத்தம் 1600, பின்னதற்கு 36. மதிப்பெண் கேட்கும் கல்லூரிகள் இரண்டில் எதையும் ஏற்றுக்கொள்ளும். வேண்டியவர்கள் காசு கட்டி, ஒரு சனிக்கிழமை காலை ஏதோ ஒரு மையத்துக்குப் போய் எழுதிவிட்டு வருவார்கள். வெகுகாலம் இதுதான் வழக்கம்.

2001-இல் கொலராடோவும் இல்லினாயும் ஒரு புது வேலை செய்தன. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஏசிடி எழுதவேண்டும், செலவு மாநிலத்துடையது, இடம் அவரவர் பள்ளி, நாள் ஒரு வேலைநாள். மிச்சிகன் 2007-இல் அதே வழிக்கு வந்தது. பள்ளிகள் எப்படிச் சொல்லித்தருகின்றன என்று அளக்க மத்திய அரசுக்காக எப்படியும் ஒரு தேர்வு வைத்தாக வேண்டும். அதையே கல்லூரிக்கும் பயன்படுகிற தேர்வாக வைத்துவிட்டால் பிள்ளைகளும் அக்கறையாக எழுதுவார்கள் என்பது கணக்கு. இங்கே 'அரசுப் பள்ளி' என்றால் நம் ஊர் அர்த்தம் இல்லை. டாக்டர் பிள்ளையும் ஆலைத் தொழிலாளி பிள்ளையும் அங்கேதான். மாநிலம் முழுக்க வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

அந்தத் தேர்வைத்தான் மாற்றிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளியில் ஒரு மாலைக் கூட்டம். ஆலோசகர் அம்மையார் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து கோபமாகக் கேட்டார்: "இதை யார் முடிவு செய்தது?" அந்த அம்மையார் தோளைக் குலுக்கினார். "மாநிலம் டெண்டர் விட்டது. அதில் அவர்கள் ஜெயித்தார்கள்."

டெண்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பிழைப்பே அதுதான். கார் உதிரிபாகக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பிரேக் பேட், ரப்பர் புஷ், போல்ட் என்று பதினைந்து வருடமாக ஒப்பந்தப்புள்ளி வாங்கிப் பிரித்துப் பார்ப்பதே வேலை. மகளின் எதிர்காலம் நான் பிரேக் பேட் வாங்குகிற அதே முறையில் தீர்மானமாகிறது என்பது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் திகிலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாநிலக் கல்வித் துறையின் அறிவிப்பை எடுத்துப் படித்தேன். காலேஜ் போர்டின் விலை மூன்று வருடத்துக்கு 1 கோடியே 71 லட்சம் டாலர். அடுத்த போட்டியாளர் கேட்டதைவிட 1 கோடியே 54 லட்சம் குறைவு. அதாவது கிட்டத்தட்ட பாதி விலை. என் மேசைக்கு இப்படி ஒரு புள்ளி வந்தால் முதலில் சந்தேகப்படுவேன். எதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறான் என்று தேடுவேன். ஆனால் விலையை மட்டும் பார்த்து எடுக்கவில்லை என்றது அறிவிப்பு. மதிப்பீட்டுக் குழுவில் துறை அதிகாரிகளோடு ஓர் உயர்நிலைப் பள்ளி முதல்வர், உள்ளூர்க் கல்வி நிர்வாகி, சமுதாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் எல்லாம் இருந்திருக்கிறார்கள். தரத்திலும் இதுதான் மேல் என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

கொள்முதலில் இருப்பவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். முடிவு, உறையைப் பிரிக்கும் அன்று எடுக்கப்படுவதில்லை. 'எங்களுக்கு என்ன வேண்டும்' என்று ஒரு தாள் எழுதுகிறோமே, அன்றைக்கே பாதி முடிவாகிவிடும். தேர்வு விஷயத்திலும் அப்படித்தான். மாநிலத்தின் பாடத்திட்டத்தோடு கேள்விகள் ஒத்துப்போக வேண்டுமா? இலவசப் பயிற்சி தருவார்களா? மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பலாமா, அனுப்ப முடியாதா? இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் தேர்வு நடத்தும் நிறுவனம் ஒப்புக்கொள்ளாத சலுகையோடு எழுதினால், அந்த மதிப்பெண் பள்ளிக் கணக்குக்கு மட்டும்தான் உதவும், கல்லூரிக்கு உதவாது என்ற நிலை பல இடங்களில் இருந்தது. அந்த ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில் ஒரு பிள்ளையின் கதவு இருக்கிறது.

மற்ற மாநிலங்களிலும் இந்த இழுபறி நடந்தது. அதே 2015 டிசம்பரில் கொலராடோவும் எஸ்ஏடிக்கு மாறியது. வசந்த காலத்தில் தேர்வு, டிசம்பரில் அறிவிப்பு. பெற்றோர் கொதித்துவிட்டார்கள். கடைசியில் அந்த வருடத்துப் பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும் பழைய ஏசிடியையே வைத்து, மறுவருடத்திலிருந்து மாற்றினார்கள். இல்லினாய் 2017-இல் எஸ்ஏடிக்குப் போய், 2025-இல் ஏசிடிக்கே திரும்பி வந்துவிட்டது. நம் ஊரில் ஆட்சி மாறினால் பாடப்புத்தக அட்டை மாறும். இங்கே ஒப்பந்தம் முடிந்தால் தேர்வே மாறும்.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்த இரவுகளில் ஒன்றில்தான் அந்த ஆய்வு கண்ணில் பட்டது. ஜோஷுவா ஹைமன் என்ற பொருளியல் ஆய்வாளர், மிச்சிகனில் 2007-க்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறார். கட்டாயம் ஆவதற்கு முன் சுமார் பாதிப் பிள்ளைகள்தான் இந்தத் தேர்வை எழுதினார்கள். எழுதாதவர்கள் எல்லாம் எழுதியிருந்தாலும் தேறாதவர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். அவர் கணக்கு வேறு சொன்னது. ஏழைக் குடும்பங்களில், தேர்வு எழுதிக் கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் வாங்கிய ஒவ்வொரு 1,000 பேருக்கும், எழுதியிருந்தால் அதே மதிப்பெண் வாங்கியிருக்கக்கூடிய இன்னும் 480 பேர் எழுதாமலே இருந்திருக்கிறார்கள்.

480 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

1993. துறையூர் பக்கம் எங்கள் ஊர். பன்னிரண்டாம் வகுப்பில் என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். கணக்கில் அவன்தான் முதல். கரும்பலகையில் வாத்தியார் மாட்டிக்கொண்டால், அவன் பின்னாலிருந்து, "சார், அங்க மைனஸ் சார்" என்பான். அப்பா இல்லை. அம்மா களை எடுக்கப் போவார். நான் எலிமென்டரி ஸ்கூல் வாத்தியார் மகன்.

தமிழ்நாட்டில் அப்போது பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்கு. அந்த 100-க்கான தேர்வை எழுதவில்லையென்றால் இந்த 200-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லி என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் ஃபாரம் வாங்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "யார்கிட்டயும் இப்பச் சொல்லிட்டுத் திரியாத. அவனவன் அவனவன் வேலையப் பார்த்துக்குவான்."

மறுநாள் அவன் கேட்டான். "எங்கடா நேத்து காணோம்?"

"அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன் மாப்ள."

அவ்வளவுதான். நான் சொன்ன பொய்யின் மொத்த நீளம் அதுதான். பொதுத்தேர்வில் கணக்கில் அவன் 196, நான் 189. நான் நுழைவுத் தேர்வு எழுதி, கவுன்சலிங் போய், மெக்கானிக்கல் சேர்ந்து, சென்னை, பெங்களூர், டெட்ராய்ட் என்று வந்துவிட்டேன். அவன் ஐடிஐ முடித்து அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனான். கெட்டுப்போய்விடவில்லை. வீடு கட்டினான். ஆனால் அந்த 'அத்தை வீடு' என் தொண்டையில் இருபத்திரண்டு வருடம் இருந்தது.

தமிழ்நாடு இதே பிரச்சினைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கிராமத்துப் பிள்ளைகளால் பயிற்சி வகுப்புக்குப் போக முடியாது, அதனால் தேர்வையே எடுத்துவிடு என்றது. 2005-இல் ஜெயலலிதா அரசு முயன்று, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-இல் கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, சட்டம் இயற்றி, 2007-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. நண்பனின் மகள் 2014-இல் வெறும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு இன்ஜினியரிங் சேர்ந்தாள். அவன் போனில் சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்தேன், அழாமல் இருப்பதற்காக. பிறகு 2017-இல் நீட் வந்து, மருத்துவத்துக்கு மட்டும் அந்த முடிவு மாநிலத்தின் கையை விட்டே போய்விட்டது. மிச்சிகன் ஒப்பந்தம் முடியும்போது தேர்வுக் கடைக்குப் போய்ப் பொருளைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டுக் காத்திருந்தது.

மிச்சிகன் வழியே சரி என்று சொல்ல வரவில்லை. தேர்வைப் பள்ளிக்குள் கொண்டுவந்த பிறகும், நான்கு வருடக் கல்லூரிக்குப் போனவர்கள் ஒரு சதவீதப் புள்ளிகூடக் கூடவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. கட்டணம், கடன், வீட்டை விட்டுப் போக முடியாத சூழல் எல்லாம் அப்படியே இருக்கின்றனவே. எங்கள் தெருவில் தேர்வு மாறியதும் இன்னொரு எழுநூறு டாலர் கட்டிவிட்டார்கள், நாங்கள் உள்பட. கான் அகாடமியில் புது எஸ்ஏடிக்கு இலவசப் பயிற்சி வந்திருந்தது. அதையும் செய்தார்கள், காசு கட்டியும் செய்தார்கள். வசதி உள்ளவன் எந்தத் தேர்வு வந்தாலும் ஏறிக்கொள்வான்.

ஆனால் எழுநூறு டாலர் போனதே என்று நாங்கள் சண்டை போட்டது எதைப் பற்றி? தேர்வின் பெயரைப் பற்றி. ஒப்பந்தத்தில் இருந்த முக்கியமான வார்த்தை 'எல்லாப் பிள்ளைகளும்' என்பது. ஏசிடி போனாலும் எஸ்ஏடி வந்தாலும் அந்த வார்த்தை அப்படியே இருந்தது. அதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

2016 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை. மகள் வழக்கம்போல மஞ்சள் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு பென்சில், ஒரு கால்குலேட்டர், ஒரு வாழைப்பழம். திருநீறு வைக்க வந்த அம்மாவிடம், "சும்மா ஸ்கூலுக்குத்தானம்மா போறேன்" என்றாள். சாயங்காலம் கேட்டால், "ம்ம், ஓகே" என்றாள். அன்று மாநிலத்தின் வடக்கே பழைய சுரங்க ஊர்களிலும், டெட்ராய்ட்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருக்களிலும் பிள்ளைகள் அதே தாளை எழுதியிருப்பார்கள். மதிப்பெண்ணை நான்கு கல்லூரிகளுக்குக் காசில்லாமல் அனுப்பலாம் என்ற கட்டத்தை அதில் சிலர் நிரப்பியிருப்பார்கள்.

அந்த ஜூலையில் ஊருக்குப் போனேன். டிப்போ எதிரே டீக்கடை. யூனிஃபார்மில் கிரீஸ் கறையோடு வந்தான். தலை நரைத்துவிட்டது. டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். டீ வந்து ஆறிய பிறகுதான் வாய் வந்தது. அத்தை வீடு, ஃபாரம், அப்பா பஸ்ஸில் சொன்னது எல்லாம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியா கேட்டேன்? ஞாபகம் இல்லடா" என்றான். உண்மையிலேயே ஞாபகம் இல்லையா, எனக்காகச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது.

"நீ சொல்லியிருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு நெனைக்கிற? ஃபாரத்துக்கு ஒரு காசு. திருச்சிக்குப் போக வர ஒரு காசு. பரீட்சைக்கு மறுபடி ஒரு தடவ. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனா அடுப்பு எரியாது. நானே கேட்டிருக்க மாட்டேன்."

நான் மகள் தேர்வு எழுதிய கதையைச் சொன்னேன். பள்ளியிலேயே, அவள் உட்காரும் வகுப்பிலேயே, காசு இல்லாமல், செவ்வாய்க்கிழமை காலையில் என்று. அவன் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டான்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்படி நம்ம ஸ்கூல்லயே வச்சிருந்தா எழுதியிருப்பேன்டா" என்றான். "ஸ்கூலுக்குத்தான் தெனமும் வந்தேனே."

டிப்போவில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டீக்காசைக் கொடுக்க நான் பர்ஸை எடுத்தேன். விடவில்லை. அவன்தான் கொடுத்தான்.