விவசாயிகளுக்கென எழுந்த வங்கி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள சிறு நகரம் ஓவட்டோனா. சுற்றிலும் மக்காச்சோள வயல்களும் பால் பண்ணைகளும். அங்கே கடைவீதி முனையில், பூங்காவுக்கு எதிரே நிற்கும் செங்கல் கட்டடத்தைக் காண வெளிநாட்டவரும் வருகிறார்கள். அது 1908-ல் திறக்கப்பட்ட ‘நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க்’.

பெருநகரங்களில் உயரமான கட்டடங்களைக் கட்டிப் பேர் வாங்கிய லூயி சல்லிவனைத்தான், வங்கியின் துணைத் தலைவர் கார்ல் பென்னட் தேடிப் பிடித்தார். அடியில் செம்மணற்கல், தெருவைப் பார்த்த இரு பக்கமும் வளைவான பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே சுவர் ஓவியங்களில் மன்னர்கள் இல்லை, பசுக்களும் அறுவடையும்தான். விவசாயிகள் உட்கார்ந்து பேசத் தனி அறையும் இருந்தது. ஒட்டினாற்போல, வாடகைக்கு விடக் கடைகளும் அலுவலகங்களும் கட்டினார்கள்.

முதல் உலகப்போர்க் காலத்தில் விளைபொருளுக்கு நல்ல விலை. அதை நம்பி, அந்நாட்டு விவசாயிகள் பலர் கடன்பட்டு நிலம் வாங்கினார்கள். 1920-க்குப் பிறகு விலை சரிந்தது. நிலத்தின் மதிப்பும் இறங்கியது. வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. கிராமப்புற வங்கிகள் வரிசையாக விழுந்தன. 1926-ல் இந்த வங்கியும் மூடப்பட்டது.

பிறகு வேறொரு வங்கி அங்கே குடியேறியது. 1940 வாக்கில் செய்த மாற்றங்களில் உள்அலங்காரம் பல அழிந்தது. 1950-களில் முடிந்தவரை சீர்செய்தார்கள். 1976-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

கல்லும் செங்கல்லும் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. அந்த வங்கியோ, விளைச்சலுக்கு விலை இருந்தவரைதான் நின்றது.