உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

பழவேற்காட்டுப் பக்கம் எந்தச் சாமான் படுத்தாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். மிக்ஸி ஓடவில்லையா, உப்புக்காற்று. ஃபேன் கிறீச்சிடுகிறதா, உப்புக்காற்று. மடிக்கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து அப்படியே நிற்கிறதா, அதற்கும் அதே காற்றுதான். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பேரி, நடுவே மணல்மேட்டில் குப்பங்கள். பழி போட இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது. கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் என்று எனக்கு அங்கே சில வீடுகள் பழக்கம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு வீட்டில் பெயர் வாங்கிவிட்டால் போதும், அடுத்த வீட்டில் மடவைக் குழம்போடு ஒரு மடிக்கணினியையும் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். அப்படிப் பார்த்த வகையில் சொல்கிறேன்: காற்று செய்த குற்றம் பாதிதான். மீதிப் பாதி பேட்டரியுடையது.

முதலில் அந்த வரியைப் பற்றி. டிஸ்க்கைப் படிப்பதில் பிழை ஏற்பட்டது, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி மறுபடி தொடங்கவும் என்பது அதன் சாரம். பழைய விண்டோஸ் கணினிகளில் அதிகம் வரும். இதைப் பார்த்ததும் வீட்டார் ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த வரியே ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் வந்தது. மின்சாரம் வந்ததும் கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் விழித்து, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, அதன் முதல் துண்டைப் படிக்கிறது. அது அடுத்த துண்டுக்கு வழி காட்டுகிறது. அங்கே இருக்கும் குட்டி நிரல்தான் விண்டோஸைத் தேடிப் போகும் வழியில் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் இப்படிச் சொல்லிவிட்டு நிற்கிறது. ஆகவே டிஸ்க் சுழல்கிறது, பயாஸின் கண்ணுக்குத் தெரிகிறது, தொடக்கத் துண்டுகள் சரியாகவே இருக்கின்றன. உண்மையிலேயே போய்விட்ட டிஸ்க் இந்த அளவுக்குக் கூடப் பேசாது. துவக்க வட்டு எதுவும் இல்லை என்று பயாஸ்தான் சொல்லும், அல்லது உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும்.

அந்த வரியில் எனக்குப் பிடிக்காதது அதன் யோசனை. மறுபடி தொடங்கு என்கிறது. பிள்ளைகள் சொன்னதைச் செய்பவர்கள், மாலை முழுக்க அந்த மூன்று விசைகளையும் அழுத்திக்கொண்டே இருப்பார்கள். நலிந்த டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இந்தப் பிழை ஏன் தொடங்கும்போது மட்டும் வருகிறது என்று கேட்பார்கள். தொடங்குவதால் பழுது வருவதில்லை. கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடங்கள்தான் படிக்கப்படுகின்றன, அதில் ஒன்று கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். 2015இல் எடுத்த மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் இருக்கும் இடத்தில் பத்துப் புள்ளி கெட்டிருந்தாலும் யார் போய்ப் பார்க்கிறார்கள்? அதனால் தொடக்கத்தில் பிழை தெரிந்தால், அங்கே மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று நம்பக் கூடாது.

டிஸ்க்கும் லேசில் வாய் திறக்காது. மடிக்கணினிகளில் வழக்கமாக இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று ஓடுகிறது. படிக்கும் முனை தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தகவல் 512 பைட்டாக, புதிய டிஸ்க்குகளில் 4096 பைட்டாகத் துண்டு போட்டு எழுதப்படும். ஒவ்வொரு துண்டோடும் பிழை திருத்தும் குறிகள் கொஞ்சம் சேர்த்து வைக்கப்படும். படித்தது அந்தக் குறியோடு ஒத்துவரவில்லை என்றால் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். அதற்கும் மிஞ்சிப் போனால் அடுத்த சுற்றில் திரும்பப் படிக்கும், முனையை இம்மி நகர்த்தி மறுபடி படிக்கும். இதையெல்லாம் நம்மிடம் சொல்லாமலே செய்யும். சர்வர்களுக்கான டிஸ்க்குகள் சுமார் 7 நொடியில் கையை விரித்துவிடும், ஏனென்றால் அங்கே பக்கத்து டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருக்கும். வீட்டுக் கணினியில் அது ஒன்றுதான், எனவே பிடிவாதமாக நெடுநேரம் முயலும். நமக்குத் தெரிவதெல்லாம் கணினி ‘ஸ்லோ’ ஆகிவிட்டது என்பது மட்டும்.

“ரெண்டு மாசமா ஸ்லோவாத்தான் இருந்துச்சு தம்பி, வைரஸ்னு நெனச்சோம்.” இந்த வசனத்தை ஏதாவதொரு வடிவத்தில் கேட்காத வீடு இல்லை. வைரஸ் என்று நினைத்து, டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் ஓயாமல் படிக்கும் நிரலொன்றைக் கொண்டுவந்து அதிலேயே போட்டிருப்பார்கள்.

இனி உப்புக்காற்று. ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் ஊசித்துளை மாதிரி ஓர் ஓட்டை இருக்கும், இதை மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமாக இருக்க அது வேண்டும். துளைக்குப் பின்னால் வடிகட்டி உண்டு, உப்புத் துகள் அதைத் தாண்டித் தட்டுவரை போவதில்லை. காற்று கடிப்பது வெளியேதான். டிஸ்க்கையும் கணினியையும் சேர்க்கும் முனைகள், டிஸ்க்கின் முதுகில் திருகியிருக்கும் மின்பலகைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள தொடுபுள்ளிகள், இவைதான் அதன் இரை. உப்பும் ஈரமும் போதாதென்று, முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரி வற்றும் கோடையில் சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். பலகையைக் கழற்றிப் பார்த்தால் பளபளவென்று இருக்க வேண்டிய புள்ளிகள் மங்கிப்போயிருக்கும். பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடும் டிஸ்க்குகள் உண்டு. பழுது பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கைவேலைதான் இது.

கோளாறு தட்டிலா, வழியிலா என்பதைத் தேய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறிப்பு எழுதிவைக்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர், இலவச நிரல்களிலேயே படிக்கலாம். நீளமான அந்தப் பட்டியலில் நான் பார்ப்பது மூன்று எண்கள்தான். 199ஆம் வரி, டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலைக் கணக்கிடுகிறது. அது ஏறிக்கொண்டே இருந்தால் கேபிளையும் தொடுமுனைகளையும் பார்க்க வேண்டும். 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் துண்டுகள். 5, இனி உதவாது என்று ஒதுக்கி வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவை. எல்லாம் சுழியாக இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேலானவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று அதில் இருக்கிறது. முதல் மேற்பரப்புப் பிழையைக் காட்டியவை மற்றவற்றைவிட அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு என்றும் இருக்கிறது. ஸ்மார்ட் பேசினால் நம்பலாம், பேசாமல் இருப்பதை நம்ப முடியாது.

பேட்டரிக்கு வருகிறேன். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை உள்ள வீடுகளில் இன்றும் அப்படி வந்த ஒன்று இருக்கும். பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு அது வீட்டுக் கணினி. எந்தப் பேட்டரியும் சில வருஷத்தில் தளர்ந்துபோவது இயல்பு, யாரையும் நோவதற்கில்லை. ஆனால் பேட்டரி செத்த மடிக்கணினியை யாரும் செத்ததாக நினைப்பதில்லை. பிளக்கில் செருகினால் ஓடுகிறதே! அப்போது அதற்கும் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்கும் வித்தியாசம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலே குப்பத்தில் மின்சாரம் போகும். டிஸ்க் ஒரு துண்டை எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் தகவல் பாதி புதியது, பாதி பழையது, பிழை திருத்தும் குறியோ இரண்டோடும் சேராது. அடுத்த முறை அதைப் படிக்கும்போது ‘முடியவில்லை’. தட்டில் கீறல் ஒன்றும் இல்லை, ஆனாலும் 197 ஏறிவிடும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பதால், அடிவாங்குவது பெரும்பாலும் தொடக்கத்துக்கு வேண்டிய கோப்புகளே. இப்படிக் கெட்ட துண்டின் மேல் புதிதாக எழுதினாலே சரியாகிவிடும். 197 இறங்கும், 5 ஏறாது. மாறாக இரண்டும் தினம் தினம் ஏறினால் அது நிஜக் கீறல். ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி படகிலோ, பொன்னேரி ஷேர் ஆட்டோவிலோ அடி வாங்கியதா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும்.

இவ்வளவும் தெரிந்துகொள்ளும் முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா கணினியைக் கொடுத்தபோது, “இதுல என்னக்கா இருக்கு?” என்று கேட்டேன். “குழுக் கணக்குதான் தம்பி” என்றார். அப்புறம் யோசித்து, “அது நோட்டுலயும் இருக்கு. எங்க அப்பா படம் இருக்கு. தம்பியோட சர்டிபிகேட்டு, படகுப் பதிவு ஸ்கேன் பண்ணது” என்றார். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துச் சுழற்றும் பாடு வழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அதெல்லாம் நினைவிலும் ஊர்ப் பேச்சிலும் பத்திரமாக இருக்கிறது, அதற்குக் கணினி தேவைப்பட்டதில்லை. கணினியில் மட்டுமே இருப்பது அப்பாவின் படம். ஆனால் கடையில் போய் ‘ஆன் ஆகல’ என்றுதான் சொல்வார்கள். கடைக்காரரும் கேட்டதைத் தருவார்: ஃபார்மட் அடித்து, விண்டோஸ் போட்டு, கணினி ஆன் ஆகும்.

விண்டோஸ் தானாகவே தொடங்கும் செக்டிஸ்க்கும் கிட்டத்தட்ட இதே ரகம். அதன் அக்கறை கோப்புகளின் ஒழுங்கில், டிஸ்க்கின் உயிரில் அல்ல. நலிந்த டிஸ்க்கில் கோப்புகளின் பட்டியலையெல்லாம் படித்து, போதாக்குறைக்கு எழுதவும் செய்யும். தொடங்குவதற்கு முன் சில நொடி அவகாசம் தரும், ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்திவிடுவேன்.

நான் செய்வது: விண்டோஸை மேற்கொண்டு தொடங்காமல், பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, ஸ்மார்ட் எண்களை மட்டும் பார்த்துவிட்டு, வேறொரு டிஸ்க்குக்கு முழுசாகப் பிரதி எடுப்பது. சோதனையெல்லாம் பிரதிக்குப் பிறகுதான். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது, எழுதியவர் அந்தோனியோ தியாஸ் தியாஸ். சாதாரணமாகக் கோப்பை நகலெடுத்தால் கெட்ட துண்டில் போய் முட்டி நின்றுவிடும். இது அப்படி நிற்காது. நல்ல பகுதிகளைப் பெரிது பெரிதாக முதலில் அள்ளிக்கொள்ளும், தடங்கல் வந்தால் தாண்டிப்போய்விடும், எல்லாம் முடிந்த பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரத்திலிருந்து சுரண்டும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குப்பத்துக்கென்றே எழுதினாரோ என்று தோன்றும்.

அக்காவின் வீட்டுக்காரர் இதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வலையில முள்ளு மாட்டிக்கிட்டா அந்த எடத்தையே புடிச்சு இழுத்துக்கிட்டு இருப்போமா? மீனக் கழட்டிட்டுத்தான முள்ளுக்கு வருவோம்” என்றார். இந்த விஷயத்தை இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிரதி முடிந்தபோது சில கிலோபைட்டு மட்டும் வரவே இல்லை, அவை விழுந்தது விண்டோஸின் கோப்புகளில். அப்பா முழுசாக வந்தார்.

பழைய டிஸ்க்கில் 5 ஏறியிருந்ததால் அதைத் திரும்பப் போட வேண்டாம் என்றேன். “எஸ்எஸ்டின்னு ஒண்ணு வருதாமே, சுத்துற தட்டே கெடையாதாம். அதப் போட்டா போகாதுல்ல?” என்று கேட்டார் அவர். போகும், முனையும் தட்டும் இல்லாததால் அடி தாங்கும், வேகமாகவும் இருக்கும், ஆனால் இரண்டு மாதம் ஸ்லோவாக ஓடி எச்சரிப்பதெல்லாம் பல சமயம் அதில் கிடையாது. முந்தின இரவுவரை ஓடியது, காலையில் பயாஸுக்கே தெரியாமல் போயிருக்கும். எழுதும்போது மின்சாரம் போனால் அதற்கும் ஆபத்துதான், தொடுமுனையைக் கடிக்கும் காற்றுக்கும் இரண்டும் ஒன்றுதான். அதனால் எஸ்எஸ்டியோடு பேட்டரியும் வாங்கச் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். எறா விலை ஏறட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, தோணியைத் தள்ள ஆள் கூப்பிடப் போனார்.