பொம்மை எஞ்சினும் என் வைத்தியமும்

தில்லிச் சாணக்கியபுரியில் 1977-இல் திறக்கப்பெற்ற தேசிய இரயில் அருங்காட்சியகத்தைக் கண்ட நாள்முதல் எனக்கு இரயில் பித்து. மாணவன் கையில் காசேது? பழம்பொருள் கடையொன்றில் 12 வோல்ட்டில் ஓடும் மலிவான மாதிரி எஞ்சின் அகப்பட்டது. ஊரிலுள்ள தம்பியின் பிறந்தநாளுக்கு அதுவே பரிசு. ஆனால் அதன் அலறல் இருக்கிறதே! "ஐயா, மாவு மில் வைத்திருக்கிறீரா?" என்று விடுதித் தோழர் ஒருவர் கேட்டே விட்டார்.

"இரண்டு சொட்டு எண்ணெய் விடும்" என்பதே எல்லோரும் சொல்லும் வைத்தியம். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து எதற்கு, அன்பர்களே? மோட்டாரைத் தனியே கழற்றி ஓட்டினேன்; அப்போதும் கத்தியது. ஆகவே பற்சக்கரம் குற்றவாளியன்று. அச்சின் நுனியைத் தீக்குச்சியால் மெல்ல அழுத்தினேன், சத்தம் பாதியாயிற்று! அச்சு முன்னும் பின்னும் ஆடி உறையில் மோதியிருக்கிறது. அந்த இடைவெளியில் மெல்லிய வளையம் ஒன்றைச் செருகினேன். எஞ்சிய கீச்சொலி, அச்சைத் தாங்கும் வறண்ட துளையிலிருந்து வந்தது. அதற்கு ஊசிமுனையில் தொட்ட எண்ணெயே போதும். மிகுந்தால் வழிந்து, கார்பன் பிரஷ் உரசும் செப்பு வளையத்தில் கரித்தூளோடு குழையும்; பிறகு மோட்டாரே பாழாகக்கூடும்.

மூன்றே சுருள் கொண்ட மலிவு மோட்டார் சற்று உறுமத்தான் செய்கிறது. நீராவி எஞ்சின் உறுமாமல் ஓடியதுண்டா என்று தம்பிக்கு எழுதிவிட்டேன்.