முள் யாருடையது?

42 வயதில் ஒரு காலையில் என் விரல்கள் மடங்க மறுத்தன. ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் முடக்குவாதம் என்றார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அடுத்த நாள் குமட்டல். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குக் கை மரக்கட்டை.

"யார் கையையும் எதிர்பார்த்து நிக்காதே" என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். படிப்பு, வேலை, முனைவர் பட்டம் எல்லாம் அந்தச் சொல்லின்மேல் கட்டியவை. பெண்ணியம் வாசித்தபோதும் அதையே இன்னும் உரக்கக் கேட்டேன். அதனால் வலியைவிட வெட்கமே பெரிதாக இருந்தது. அம்மா போன பிறகு தனியாக இருக்கும் வீடு. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம்தான் ஒரு நாள் சீப்பை நீட்டினேன். "இதுக்கா டீச்சர் இவ்வளவு யோசிச்சீங்க?" என்று கேட்டபடியே பின்னிவிட்டார். கூடுதலாகச் சம்பளம் கொடுத்துக் கணக்கை நேர்செய்யப் பார்த்தேன். பணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் சிக்கில் சீப்பு மாட்டினால் எனக்கு வலிக்காதபடி முடியின் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்வாரே, அதைச் சம்பளத்தில் எழுத முடியவில்லை.

சிறுவயதிலிருந்து சபையில் கேட்ட 'கிருபை' என்ற சொல் எனக்கு அங்கேதான் பொருள்பட்டது. உழைத்து ஈட்டாதது; திருப்பிக் கொடுக்க முடியாதது; கையை நீட்டினால் மட்டுமே கிடைப்பது.

எங்கள் மாவட்டத்து டோனாவூரில் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேலின் துணிச்சலை ஓய்வுநாள் பள்ளியில் கதையாகக் கேட்டிருக்கிறேன். 1931இல் விழுந்து அடிபட்ட அவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார் என்பதை யாரும் அழுத்திச் சொன்னதில்லை. அவருடைய நூல்களில் பல அந்த அறையில் எழுதப்பட்டவை. தூக்கி எடுத்த பெண் நமக்கு வீராங்கனை. தூக்கப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசத் தெரியவில்லை.

இவ்வளவையும் ஒரு நாள் தலையைக் கொடுத்து உட்கார்ந்தபடியே உற்சாகமாக அக்காவிடம் சொன்னேன். பவுலின் முள்ளையும் சொன்னேன். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. உடலில் ஒரு முள், அது நீங்கும்படி மூன்று முறை கேட்டார், நீங்கவில்லை. அவர் தளரும் இடத்திலேயே தெய்வ பலம் தங்கும் என்ற உறுதிதான் பதிலாகக் கிடைத்தது.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"மூணு தரந்தான் கேட்டாரா? நான் முப்பது வருசமாக் கேக்கேன் டீச்சர். அந்த மனுசன் அடிக்கிறதை ஐயர்ட்டப் போய்ச் சொன்னப்ப அவரும் இந்த முள்ளைத்தான் சொன்னாரு. பொறுத்துக்கிடணுமாம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டுக்கு வருகிறவர். முழங்கையில் பார்த்த கன்றல்களை நான் கேட்டதே இல்லை.

அன்றிரவு அந்த அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். பவுல் யார்? ரோமக் குடியுரிமை உள்ளவர், கமாலியேலிடம் பயின்றவர், சபைகளை நிறுவியவர். தான் பெற்ற தரிசனங்களால் பெருமை கொள்ளாதிருக்கவே அந்த முள் என்று அவரே எழுதுகிறார். நிமிர்ந்து நின்றவருக்குக் கிடைத்த பதில் அது. பிறந்ததிலிருந்து குனிந்தே நிற்கும் பெண்ணிடம் அதையே எடுத்துச் சொன்னால் சொல் மாறாது, பொருள் தலைகீழாகிவிடும். அந்தப் பதிலைப் பவுல் தானே கேட்டுப் பெற்றார். வேறு யாரும் அவருக்காகத் தீர்ப்பு எழுதவில்லை. என் முள்ளைப் பற்றி நான் சாட்சி சொல்லலாம். அடுத்தவள் காலில் தைத்ததைப் பிடுங்காமல் நின்றுகொண்டு, அது அவளுக்கு வரம் என்று சொல்ல எனக்கோ போதகருக்கோ உரிமை இல்லை. முடக்குவாதத்தை யாரும் எனக்குச் செய்யவில்லை. அக்காவின் கன்றல்களுக்கு ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது, 2005இலிருந்து.

பலவீனத்தில் கிருபை உண்டு என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பலவீனம் என்பது 'எனக்கு உதவி வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்வது. வாயை மூடிக்கொள்வதல்ல. கெத்செமனேயில் இயேசுவும் சீடர்களைத் தன்னோடு விழித்திருக்கத்தான் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நானும் மூன்று ஆண்டுகள் தூங்கியிருக்கிறேன்.

அடுத்த வாரம் இரவு ஒன்பது மணிக்கு அக்கா வந்து நின்றார். "இன்னைக்கு ஒரு ராத்திரி இங்க படுத்துக்கிடவா டீச்சர்?" அவர் என்னிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. காலையில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது என்று பேசிக்கொண்டோம். புகார் எழுத என் விரல்கள் வளையுமா என்ற பயம் எனக்கு. அங்கே என்ன கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தள்ள என் கையால் முடியவில்லை. அக்கா எழுந்து வந்து போட்டார்.