புட்டியோடு இருக்கட்டும் விவரத்தாள்

சேதராப்பட்டில் தொழிற்பேட்டையை ஒட்டியே நெல்வயல்களும் உண்டு. அங்கே ஒரு விவசாயிக்கு மருந்து தெளித்த அன்றே தலை சுற்றி வாந்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவி 100 மில்லி புட்டியை எடுத்துப் போனார். மருந்தின் பெயர் அதில் இருந்தது; முறிவு மருந்தைச் சொல்லும் விவரத்தாள் கடைவாசலிலேயே குப்பைக்குப் போயிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

பயிர், அளவு, நச்சு அறிகுறி, முதலுதவி, முறிவு மருந்து எல்லாவற்றையும் தாளில் தர வேண்டும், இந்தி, ஆங்கிலத்துடன் வட்டார மொழியும் வேண்டும் என்கின்றன 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். சின்னப் புட்டியின் வளைவில் இத்தனைக்கும் இடமேது? பல பக்கங்களை மடித்துப் புட்டியிலேயே ஒட்டும் லேபிள் இதற்குத்தான். பக்கம் கூடினால் லேபிள் தடித்து, வளைவில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆகவே தாள் மெல்லியதாகவும், பசை திறந்து மூடினாலும் பிடிப்பதாகவும் இருக்க வேண்டும்.

வாங்கும்போது ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தனித்தாள் என்றால் கேட்டு வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டுப் புட்டியோடு வையுங்கள். லேபிளின் சாய்சதுரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறையும். பச்சையும் நச்சுதான்.