யானைமலைக்குத் திரும்பத் திரும்ப

மதுரையில் புதிதாகக் கேமரா வாங்கியவர் முதல் மாதத்திலேயே யானைமலையைத் தேடிப் போய்விடுவார். மேலூர் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே மலை கண்ணில் பட்டுவிடும். வண்டியை ஓரங்கட்டி நாற்பது, ஐம்பது படம் எடுப்பார். மேலே வானம், நடுவில் மலை, கீழே கொஞ்சம் பச்சை. ஊரில் பாதிப் பேரின் கைபேசியில் இருக்கும் அதே படம். இதில் என்ன குறைகிறது என்ற கேள்வி அன்று ராத்திரி கணினிக்கு முன்னால் உட்காரும்போது முளைக்கும். சொல்லித்தர வாத்தியார் கிடையாது. வேலை, குடும்பம் போக மிஞ்சும் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வகுப்பு.

அதே மலையை 1858-ஆம் ஆண்டு தை, மாசி வாக்கில் ஒருவர் படமெடுத்திருக்கிறார். யானை படுத்திருக்கும் தோற்றத்தை எல்லோரும் தேடும் இடத்தில், அவர் மலையின் முனைப் பக்கமிருந்தும் ஒரு படம் எடுத்து வைத்தார். லினேயஸ் ட்ரைப் என்பது அவர் பெயர். மதராஸ் படையில் அதிகாரி. 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் இங்கிலாந்து போயிருந்தபோது கேமரா பழகியவர். பட்டாளத்துக்குத் திரும்பியதும், 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்கு நடுவே கேமராவை நிறுத்தினார். மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. 1856-இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரர் பதவி வந்தது. அதன் பிறகுதான் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சை என்ற நெடும்பயணம்.

அவர் தூக்கி வந்த கருவிகளை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நெகட்டிவ் ஒவ்வொன்றும் சுமார் 12 அங்குல அகலம், 15 அங்குல நீளம். மெழுகு ஊட்டிய காகிதத்தில் வெள்ளி உப்புப் பூசி, அது காய்ந்த பிறகு பெட்டிக் கேமராவில் செருக வேண்டும். மூடியைத் திறந்தால் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறத்தின் மேல்தான் மோகம். வானம் முழுக்க வெளுத்துப்போகும். ட்ரைப் அதை விட்டுவிடவில்லை. நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். தன் கருவி எதைப் பார்க்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய கேமராவுக்கும் அப்படியொரு குருட்டுத்தனம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் திருமலை நாயக்கர் மகாலைவிட நல்ல இடம் மதுரையில் இல்லை. மகால் திறக்கும்போதே வெயில் ஏறியிருக்கும். வானம் பார்த்த முற்றத்தில் கண் கூசும் வெளிச்சம். தூண் வரிசைக்குப் பின்னால் இருட்டு. அந்த வெளிர்த் தூண்களைச் சட்டகம் நிறைய வைத்து ஆட்டோவில் அமுக்கினால், தூண்கள் அழுக்கேறிய சாம்பல் நிறத்தில் விழும். கேமராவில் பழுது இல்லை. எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கக் கணக்குப் போடுவது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் பிறவிக்குணம். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு படி கூட்டினால் தூண் தன் நிறத்துக்குத் திரும்பும்.

பொங்கல் வந்தால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் இதே பாடம் தலைகீழாக நடக்கும். வாடிவாசலிலிருந்து சீறி வருவது காரிக் காளை. அதன் கறுப்பு சட்டகத்தை நிறைத்தால், மீட்டர் பதறிப்போய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். காளை சாம்பல் பூத்ததுபோல் ஆகும். திமில் மேல் விழும் வெயில் வெளுத்தே போகும். இங்கே ஒரு படி குறைக்க வேண்டும். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் கீழே போனால் கொம்பும் கையும் கலங்கிவிடும். தூணுக்குக் கூட்டியவர் காளைக்குக் குறைக்கிறார் என்றால், அவருக்கு மீட்டர் பிடிபட்டுவிட்டது.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் இன்னொரு பரீட்சை. பொழுது முழுதாகப் புலர்ந்திருக்காது. வைகைக் கரையில் ஜனம் நெருக்கித் தள்ளும், கையை அசைக்க இடமிருக்காது. சுமப்பவர்களின் தோளில் அழகர் ஆடி அசைந்து வருகிறார். ஆட்டோவில் விட்டால் ஷட்டர் முப்பதில் ஒரு நொடிக்கு இறங்கி, அழகர் படம் முழுக்கத் தங்க நிறக் கோடாக இழுபடுவார். ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றத் துணிய வேண்டும். புள்ளி புள்ளியாக வந்தாலும் அழகர் முகம் தெரியும். அந்தத் துணிச்சல் வர ஒன்றிரண்டு சித்திரை வீணாகத்தான் செய்யும். அப்படி வீணாவதில் தப்பில்லை. அடுத்த சித்திரைக்கு விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும்.

ட்ரைப்பின் மதுரைப் படங்களில் தேடினாலும் கிடைக்காதது மனிதர்களின் நடமாட்டம். நடந்து போனவர்கள் அந்த நீண்ட எக்ஸ்போஷரில் கரைந்துபோனார்கள். அந்த இடைவெளியை நிரப்பிய படங்கள் மதுரைக்காரர் ஒருவருடையவை. ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார் பொறியியல் படித்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தவர். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய தன் அம்மாவையே, அவர் தொழில் செய்யும் இடத்தில் வைத்துப் படமெடுத்தார். மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு 2017-இல் அவர்தான் ஒளிப்பதிவாளர். பிறகு ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களோடு தண்ணீருக்குள் கேமராவை இறக்கினார். புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கும், கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி இணையதளமும் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருதை 2022-இல் முதலில் பெற்றவர் அவர். இப்போது தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லித்தருகிறார்.

ஞாயிற்றுக்கிழமைப் படக்காரர் கவனிக்க வேண்டியது விருதை அல்ல. எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதற்கு முன்னால், யாரிடம் திரும்பத் திரும்பப் போகப் போகிறோம் என்பதை இந்தப் படங்கள் கேட்கின்றன. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடிகாலை மல்லி கொட்டும் அம்மாவை ஒரு தடவை போய் எடுத்தால் அவர் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்பார். நாலாவது வாரம் போனால், “வாங்க தம்பி, சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அவர் கை உதிரியை அள்ளும்போது ஷட்டர் எவ்வளவு, ஃபோகஸ் விரலிலா பூவிலா என்ற கேள்விகள் அப்போதுதான் உயிரோடு எழுகின்றன. முன்பு ஏட்டில் படித்த விஷயமெல்லாம் அந்த உதிரிக் குவியலுக்கு முன்னால் கைக்கு வருகிறது.

மகாலுக்கே திரும்புவோம். ட்ரைப் பார்த்தது சிதைந்து கிடந்த மகால். நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது பழுதுபார்த்ததற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் முந்திய நிலை. அருங்காட்சியகங்கள் தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கும் அவர் படத்தைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, அதே வளைவுக்கு எதிரே அதே கோணம் கிடைக்கும்வரை நகர்ந்து நகர்ந்து நிற்கலாம். ஒரு படி கூட்டியாயிற்று; தூண் சரியான நிறத்தில் இருக்கிறது. சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்த விரல், ஒரு சிறுமி தூணைக் கட்டிப்பிடித்து அளந்து பார்க்கும்போது அமுங்குகிறது. அவள் கை பாதித் தூணைக்கூட எட்டவில்லை.